மேனேஜர் சரியில்லை என்றால் நம் உடம்புமா கெடும்?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார். புது மேனேஜர் வந்து ஆறு மாதம் ஆகிறதாம். தூக்கம் போய்விட்டது, வயிறு சரியில்லை. வீட்டில் சொன்னால், "வேலை என்றால் அப்படித்தான்" என்கிறார்களாம். மேலே இருப்பவர் நடந்துகொள்ளும் விதத்தால் கீழே வேலை செய்பவரின் உடம்பும் மனசும் உண்மையிலேயே கெடுமா, இல்லை நான்தான் தாங்காத ஆளா என்று கேட்கிறார்.

கெடும். நீங்கள் தாங்காத ஆள் இல்லை. உங்கள் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே உங்களுக்கு வயிறு பிரட்ட ஆரம்பித்துவிடும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இங்கிருந்து மோட்டாரில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு செம்பனை எண்ணெய் (பாமாயில்) மில்லில் 2011-லிருந்து தராசுக் கிராணி, அதாவது எடை போடும் குமாஸ்தா. செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி வந்தால் எடை போடுவேன். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுபடி எடை போட்டு டிக்கெட் அடித்துக் கொடுப்பேன். தராசு ஆபீஸ் கேட்டை ஒட்டி இருப்பதால், யார் உள்ளே வந்தாலும் காவலாளியான ஜாகாவுக்கு அடுத்தபடி நான்தான் பார்ப்பேன்.

2017-ல் ஒரு மேனேஜர் வந்தார். அவர் பெயரையோ கம்பெனியையோ சொல்லப்போவதில்லை. அவர் தமிழரா, மலாய்க்காரரா, சீனரா என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் கீழே வருகிற கருத்தெல்லாம் அந்தச் சண்டையாகத்தான் இருக்கும். அவருக்குப் பிறகு வந்த நல்லவரைப் பற்றியும் அதேபோலத்தான்.

காலை 6:50-க்கு அவருடைய ஹைலக்ஸ் கேட்டில் நுழையும். அது நிற்பதற்குள் என் மேசையில் போன் அடிக்கும். முதலில் லேபிலிருந்து: "அக்கா, இன்னைக்கு முகம் எப்படி?" அடுத்தது பாய்லர், அதற்கடுத்து வொர்க்ஷாப். வண்டியைப் பின்பக்கமாக எடுத்து ஒழுங்காக நிறுத்தினால் அன்று பரவாயில்லை. மூக்கை நேராகச் செருகிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினால், எல்லோரும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதைச் சொல்வது என் வேலை இல்லை, யாரும் அதற்கு எனக்குச் சம்பளமும் தரவில்லை. ஆனாலும் மூன்று வருஷம் அதைச் செய்தேன். மில்லில் 70 பேருக்குமேல். அந்த 70 பேருடைய காலை நேரமும் ஒரு மனிதர் வண்டி நிறுத்துகிற விதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போதே சிலர் எழுதுவார்கள், கண்டிப்பு இல்லாமல் மில் ஓடுமா என்று. ஓடாது. நான் கண்டிப்புக்கு எதிரி இல்லை. குலையை வெட்டியபின் 24 மணி நேரத்துக்குள் அவிக்கப் பார்க்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். விளைச்சல் உச்சத்தில் இருக்கிற மாதங்களில் லோரி ரோடு வரைக்கும் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் மேனேஜர் கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதே நெருக்கடியை அவருக்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன், பின்னாலும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு இடுப்பு வலிக்கும், கால் வீங்கும், ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது.

அவர் செய்தது இதுதான். எம்.சி., அதாவது டாக்டர் சீட்டோடு நோய் விடுப்பு, எடுத்தவர்களின் பெயரை ஆபீஸ் வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் எழுதிவைத்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 22 நாள் நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. பலகையில் பெயர் வந்தபின் யார் அதை எடுப்பார்கள்? காய்ச்சலோடு வந்தார்கள். லேபில் வேலை செய்த பெண் கர்ப்பமாக இருந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டே எண்ணெய் டெஸ்ட் செய்தாள்.

அப்புறம் கேட்டில் இன்னொரு பலகை. விபத்து இல்லாமல் இத்தனை நாள் என்று. எல்லா மில்லிலும் இருப்பதுதான். அவர் என்ன செய்தார் என்றால், 365 நாள் வந்தால் எல்லோருக்கும் அரிசி மூட்டையும் விருந்தும் என்று அறிவித்தார். நல்ல விஷயம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். தினமும் காலையில் ஜாகா அந்த எண்ணை மாற்றும்போது கை தட்டினோம்.

எண் 200-ஐத் தாண்டியிருந்த சமயம். குலை அவிக்கிற ஸ்டெரிலைசரில் வேலை செய்த அண்ணன் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், என் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர். அவர் கையில் நீராவி அடித்துவிட்டது. முழங்கையிலிருந்து விரல் வரைக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. பற்பசையைத் தடவி, முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்தார். மறுநாள் தராசுக்கு ஒரு சீட்டு கொண்டுவந்தார். வாங்கும்போது சட்டைக் கை நனைந்திருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது. "சொல்லிடாதே தங்கச்சி, எல்லாரும் அரிசிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார்.

நான் சொல்லவில்லை.

இதை எழுதத்தான் உங்கள் கேள்வியைத் திறந்தேன். அவரைக் காயத்தை மறைக்கச் சொன்னது யார்? மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேபர் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் அவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம், நான் யாரையும் மறைக்கச் சொல்லவில்லை என்று. கெட்ட செய்தியோடு போனவர்களை அவர் என்ன செய்தார் என்று எல்லோரும் பார்த்திருந்தோம், அவ்வளவுதான். அந்தப் பயம் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்துகொண்டது. பிறகு நாங்களே ஒருவர் வாயை ஒருவர் பொத்தினோம்.

நான்காம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, கை சீழ் பிடித்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனார். வேலையிடத்து விபத்து என்று முறையாக எழுதியிருந்தால் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவில் எம்.சி. நாட்களுக்கு தினச் சம்பளத்தில் 80 சதவிகிதம் கிடைத்திருக்கும். நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. வீட்டில் பட்ட காயம் என்று அவரே எழுதிக் கொடுத்தார். கட்டோடு வந்து ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டு எண்ணினார். பலகையில் நாள் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கு இன்றைக்கும் இரண்டு விரல் முழுதாக மடங்காது. அந்த வருஷம் அரிசி வந்தது. என் வீட்டுக்கும் ஒரு மூட்டை வந்தது.

என் உடம்புக்கு வருகிறேன். 2018 கடைசியில் தலைவலி என்று அரசாங்கக் கிளினிக் போனேன். பிரஷர் 160-க்கு 100. எனக்கு அப்போது 38 வயது, ஒல்லியான உடம்பு. டாக்டரம்மா இரண்டு வாரம் வீட்டில் பார்த்து எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டு போனேன். தீபாவளி லீவில் 132, 128. வேலை நாள் காலையில் 155-க்குக் குறையவில்லை. அவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "என்ன வேலை செய்றீங்க?" என்றுதான் கேட்டார்.

பின்னாளில் ஒரு பாதுகாப்புப் பயிற்சியில்தான் இதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருப்பது தெரிந்தது. லண்டனில் 10,000-க்கும் மேற்பட்ட அரசாங்க ஊழியர்களை 1985-லிருந்து பல வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் மார்மோட் என்ற பேராசிரியர் நடத்தியது. பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தானே நெஞ்சுவலி வரும் என்று நாம் நினைப்போம். அங்கே கீழ்ப்பதவியில் இருந்தவர்களுக்குத்தான் இருதய நோய் அதிகம். தன் வேலையில் தனக்கென்று ஒரு முடிவும் எடுக்க முடியாத நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். பயிற்சி கொடுத்தவர் இதைச் சொன்னபோது எனக்கு அந்த ஹைலக்ஸ்தான் கண்முன் வந்தது. லோரி எத்தனை வந்தாலும் என்னால் சமாளிக்க முடியும், அது என் கையில் இருக்கிறது. அவர் முகம் என் கையில் இல்லை.

2019 கடைசியில் அவரை மாற்றினார்கள். வந்தவர் முதல் நாள் கூட்டம் எதுவும் போடவில்லை. மில் முழுக்க நடந்தார். ஸ்டெரிலைசர் பக்கம் அண்ணனிடம் வெகுநேரம் நின்றார். கையைப் பார்த்திருக்க வேண்டும். மறு வாரம் வெள்ளைப் பலகையிலிருந்து பெயர்கள் போயின. கேட்டுப் பலகை இருந்தது, பரிசு மட்டும் நின்றது. அதற்குப் பதில் ஒரு சின்ன நோட்டு வந்தது. வழுக்கியது, தவறி விழப்பார்த்தது, வால்வு கசிந்தது, எதுவானாலும் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எழுதியதை அவர் அன்றைக்கே போய்ப் பார்ப்பார். முதல் இரண்டு மாதம் நோட்டு நிரம்பி வழிந்தது. தலைமையகத்திலிருந்து போன் வந்தது, ஏன் திடீரென்று உங்கள் மில்லில் இவ்வளவு குறை என்று. "முன்னாடியும் இருந்ததுதான், இப்போதான் எழுதுறாங்க" என்றாராம். ஆபீஸ் கிராணி சொன்னாள்.

இதற்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை மருத்துவமனைத் தாதிகளின் குழுக்களைப் பார்த்தபோது, நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறை வெளியே சொல்ல முடிந்தது, அதுதான் வித்தியாசம்.

புது மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் என்று நினைக்காதீர்கள். அவரிடம் நான் எழுத்து மூலம் எச்சரிக்கை வாங்கியிருக்கிறேன். ஒரு லோரியின் காலி எடையைத் தப்பாகப் பதிந்துவிட்டேன், பணம் கூடுதலாகப் போய்விட்டது. கதவைச் சாத்தி, என்னை உட்காரவைத்து, எங்கே தப்பு நடந்தது என்று கேட்டு, கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். குரல் உயரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அழுகைகூட வந்தது. ஆனால் அன்று இரவு தூங்கினேன். காலையில் போன் அடிப்பது எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் அவருடைய வண்டி ஏற்கெனவே நிற்பதைப் பார்த்தேன், அவர் எப்போது வந்தார் என்றே கவனிக்கவில்லை.

என் அம்மா இதையெல்லாம் ஒத்துக்கொள்ளமாட்டார். "எங்க காலத்துல துரை வர்றார்னா மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கி நிப்போம். பிரட்டுக்கு அஞ்சு நிமிஷம் பிந்தினா அன்னைக்குப் பேர் கிடையாது. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்பார். துரை என்றால் தோட்ட மேனேஜர், பிரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. உங்கள் வீட்டில் சொல்வதும் இதுதானே. அம்மா தோட்டத்தில் 20 வருஷத்துக்கு மேல் மருந்தடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்து நகம் கறுத்து உதிரும், மூக்கில் ரத்தம் வரும். அந்த மருந்தை இந்த நாட்டில் தடை செய்தது 2020 ஜனவரியில். அம்மா ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் கழித்து. அதே அம்மா, தன்னை வேலை வாங்கிய பழைய மண்டோர் ஒருவர் தெலுக் இந்தான் பக்கம் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டு, முட்டி வலியோடு பஸ் மாறி மாறிப் போனார். ஏனம்மா என்றேன். "காத்து எதிர்க்க அடிச்சா அந்த மனுஷன் டின்ன இறக்கி வைக்கச் சொல்வார்" என்றார். முப்பது வருஷம் கழித்தும் அது மறக்கவில்லை.

இதோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். பேஸ்புக்கில் பழைய தோட்டப் படங்களைப் போட்டு, அந்தக் காலம் பொற்காலம், துரை பங்களாவைப் பாருங்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அம்மா வேலையை விட்டபோது தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அத்தனை வருஷம் உழைத்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் இல்லை. நானும் தம்பியும் கடன் வாங்கித்தான் தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு வீட்டில் குடிவைத்தோம். கோயிலும் மைதானமும் எனக்கும் ஞாபகத்தில் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் படம் போடுகிறவர்கள் வீட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

சரி, உங்களுக்கு. ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, வேலை நாளிலும் லீவு நாளிலும் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள், நீங்கள் பேசுவதைவிட அது தெளிவாகப் பேசும். எம்.சி. சீட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். 40 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடம் என்றால் சட்டப்படி பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கொடுமை தாங்காமல்தான் விட்டேன் என்று வழக்காடுகிற எண்ணம் இருந்தால், 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிந்திப் போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் பிரஷர் இப்போது 130 பக்கம் நிற்கிறது. மாத்திரையை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நிறுத்தவில்லை. நிறுத்த முடியுமா என்று போன மாதமும் கேட்டேன், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.