மருத்துவரைக் கேளுங்கள்: சி-பாப் மாஸ்க்கைக் கழற்றிவிடும் கணவர்

கேள்வி: வேன் ஓட்டும் என் கணவருக்கு 49 வயது. பல ஆண்டுகளாகப் பலத்த குறட்டை; நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பார். ஓர் இரவு மருத்துவமனையில் தங்கவைத்து ஸ்லீப் ஸ்டடி செய்தார்கள். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுவதாகக் கூறி, உறங்கும்போது மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சி-பாப் கருவி வாங்கச் சொன்னார்கள். வாங்கிப் பத்து நாள் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார். மூச்சு முட்டுகிறது, வாய் வறள்கிறது என்கிறார். பழகிவிட்டால் நுரையீரல் பலவீனமாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இரவில் மின்சாரம் போனால் என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் சித்தப்பாவின் பழைய கருவியைப் பயன்படுத்தலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, அந்த 38 என்ற எண்ணை உங்கள் கணவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உறக்கத்தில் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சோட்டம் நின்றுபோவதையும், வெகுவாகக் குறைந்துபோவதையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30ஐ எட்டிவிட்டால் கடுமையான நிலை. அன்று இரவு தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒட்டிய மின்முனைகள் அவருடைய உறக்கத்தைப் பதிவு செய்தன. மூக்கருகே வைத்த மெல்லிய குழாய் மூச்சோட்டத்தையும், மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் மூச்சிழுக்கும் முயற்சியையும், விரலில் மாட்டிய கவ்வி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் பதிவு செய்தன. மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும்போதே காற்றோட்டம் நின்றுபோனால், அடைப்பு தொண்டையில் இருக்கிறது என்று பொருள்.

சி-பாப் தருவது ஆக்சிஜன் அன்று. அறையின் சாதாரணக் காற்றைத்தான் அது மெல்லிய அழுத்தத்தோடு அனுப்புகிறது. துவண்டு கிடக்கும் சைக்கிள் ட்யூப் காற்றடித்ததும் விரிவதைப்போல, உறக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டைத் தசைகளை அந்த அழுத்தம் விலக்கிப் பிடிக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே முக்கிய சிகிச்சையாக இருந்த காலத்தில், சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் இந்த முறையை முதன்முதலாகச் செய்து பார்த்து, 1981இல் வெளியிட்டார். மூச்சுவிடும் வேலையை நுரையீரலே செய்வதால் அது பலவீனமாவதில்லை. கருவியை நிறுத்தினால் பழைய அடைப்பு திரும்பும். அது நோயின் இயல்பே தவிர, கருவிக்கு அடிமையானதன் அடையாளம் அன்று.

கழற்றிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்க்தான். கடையில் உட்கார்ந்த நிலையில் அளவு பார்த்த மாஸ்க், படுத்ததும் முகத்தில் வேறு மாதிரி உட்காரும். ஆகவே அவரைப் படுக்கவைத்து, கருவியை ஓடவிட்டபடியே பட்டைகளைச் சரிசெய்யுங்கள். காற்று கசிகிறதே என்று இறுக்கிக்கொண்டே போனால், மாஸ்க்கில் முகத்தைத் தொடும் மெத்தைப் பகுதி மடிந்து கசிவு இன்னும் கூடும், மூக்குத்தண்டிலும் புண் வரும். முகத்தின் எண்ணெய்ப்பசை போகக் கழுவிவிட்டு அணிவதும், மெத்தைப் பகுதியை அன்றாடம் மிதமான சோப்பு நீரில் கழுவுவதும் கசிவைக் குறைக்கும். மாஸ்க்கில் உள்ள சிறு துளைகளின் வழியாகக் காற்று வெளியேறத்தான் வேண்டும். வெளிவிட்ட மூச்சு அவற்றின் வழியே போவதால், ஒருபோதும் அவற்றை அடைத்துவிடாதீர்கள். மூச்சுமுட்டும் உணர்வுக்கு, குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயரும் ‘ரேம்ப்’ வசதியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பகலில் விழித்திருக்கும்போதே, தொலைக்காட்சி பார்த்தபடி அரை மணி நேரம் அணிந்து பழகட்டும். இந்தப் பகல் பழக்கத்தைப் பலரும் அலட்சியப்படுத்துகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு.

அவருடையது மூக்கு மாஸ்க் என்றால், உறக்கத்தில் வாய் திறந்து காற்று வெளியேறுவதால் வாய் வறளலாம். மூக்கடைப்பு இருந்தால் அதற்குச் சிகிச்சை பெற வேண்டும். ஈரப்பதமூட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நாள்தோறும் மாற்ற வேண்டும். அதன் பிறகும் தீராவிட்டால் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். அத்தகைய மாஸ்க்கில், காற்று வருவது நின்றால் தானே திறந்துகொள்ளும் வால்வு இருப்பதால், மின்தடையின்போது மூச்சு அடைபடாது. ஆனால் அந்த நேரத்தில் சிகிச்சை இல்லை என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுவது நல்லது.

சித்தப்பாவின் கருவி வேண்டாம். அதன் அழுத்தம் அவருடைய தொண்டைக்கேற்ப வைக்கப்பட்டது. சி-பாப் கருவிகளின் அழுத்தத்தை 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வைக்கலாம்; அந்த வரம்பில் உங்கள் கணவருக்குத் தேவைப்படுவது வேறாக இருக்கலாம். தவிர, 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதையக்கூடும் என்று லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. பழைய கருவி அவற்றில் ஒன்றா என்று தெரியாமல் மூச்சுக்காற்றை அதன் வழியே விடக்கூடாது.

எத்தனை மணி நேரம் அணிந்தார், எவ்வளவு கசிந்தது, இன்னும் எத்தனை தடைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதையெல்லாம் இன்றைய கருவிகள் பெரும்பாலும் பதிந்து வைக்கின்றன. இரண்டு வாரம் கழித்து அந்தப் பதிவோடு மருத்துவரைப் பாருங்கள். மதுவும், மருத்துவரைக் கேட்காமல் எடுக்கும் தூக்கமாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்தும். பகல் தூக்கக் கலக்கம் தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை அவர் வேன் ஓட்ட வேண்டாம். வருமானம் தடைபடும் என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறேன்.