புயல் நேரத்தில் மீன்தொட்டி

ஃபுளோரிடாவின் தாம்பாவில் புயல் எச்சரிக்கை, 40 கேலன் தொட்டியில் கோல்ட் ஃபிஷ், கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வடிகட்டி), கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

தீனியைப் பற்றிக் கவலையே வேண்டாம். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். ஃபில்டர் ஓடாதபோது தீனி போட்டால்தான் வினை, மீனுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் ஏறிவிடும். பயப்பட வேண்டியது ஆக்சிஜனுக்கு. ஏ.சி. நின்று தண்ணீர் சூடேற ஏற அது குறையும், கோல்ட் ஃபிஷுக்கோ நிறைய வேண்டும். இன்றே பேட்டரி ஏர் பம்ப் வாங்குங்கள், கூடவே உபரி பேட்டரியும் (கடையில் முதலில் காலியாவது அதுதான்). கிடைக்காவிட்டால் குவளையில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால் தாமதிக்காதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது கேனிஸ்டரில். மணிக்கணக்கில் நின்றால் உள்ளே தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா காற்றில்லாமல் செத்து, தண்ணீர் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடினால் அத்தனையும் தொட்டிக்குள். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த பாக்டீரியா ஒட்டியிருக்கும் பஞ்சையும் செராமிக் வளையங்களையும் எடுத்துத் தொட்டியிலேயே போட்டுவையுங்கள்.

ஜெனரேட்டர் இருந்தால் கராஜுக்குள் ஓட்டாதீர்கள். அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும்.