விண்டோலாண்டாவின் காலுறைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமானிய பிரிட்டனில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பொதுவாசகர்களுக்காக எழுதப்பட்ட இரண்டு தொல்லியல் நூல்களைப் படித்தேன். ஒன்றில் ஒரு குடியானவப் பெண் விடிகாலையில் அடுப்பு மூட்டுகிறாள். அவள் மனக்கவலை வரை எழுதியிருக்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் எப்படித் தெரியும்? வரலாறு என்று நம்பலாமா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

நம்பலாம், ஆனால் எல்லாப் பக்கங்களையும் ஒரே அளவுக்கு அல்ல. அடுப்புச் சாம்பலும் கருகிய தானியமும் மண்ணில் கிடைக்கும். கவலை கிடைக்காது.

கவலையும் கிடைத்த அபூர்வமான இடம் ஒன்று உண்டு. வட இங்கிலாந்தில், ரோமானியர்கள் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே இருந்த விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைக் கோட்டை. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி அங்கே தோண்டியபோது, அஞ்சலட்டை அளவில் மெல்லிய மர ஏடுகள் வெளிவந்தன. மையால் எழுதியவை. பெரும்பாலும் பொ.யு. 90க்கும் 120க்கும் இடைப்பட்டவை. பழைய கட்டடத்தை இடித்துக் களிமண்ணைப் பரப்பி, அதன்மேலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். அடியில் ஈரம் நின்றது, காற்று புகவில்லை. அதனால்தான் மரம் மட்கவில்லை.

அந்த ஏடுகளில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். யாருக்கோ காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம். வீரர்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று இன்னொன்று. ஆக்டேவியஸ் என்பவர் தானியம் வாங்க 500 டினாரி (ரோமானிய வெள்ளி நாணயம்) கேட்டு அவசரப்படுகிறார், ரோடு மோசம் என்பதால் தோல்களை எடுத்துவரப் போகவில்லை என்கிறார். கிளாடியா செவெரா என்ற படைத் தளபதியின் மனைவி தன் பிறந்தநாளுக்கு, விண்டோலாண்டா தளபதியின் மனைவி சுல்பிசியா லெபிடினாவை அழைக்கிறாள். எழுத்தர் எழுதி முடித்த கடிதத்தின் கடைசியில் தன் கையாலேயே இரண்டு வரி சேர்க்கிறாள். லத்தீனில் ஒரு பெண் கைப்பட எழுதியதாக நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வெறும் கணக்கு. அந்தக் கோட்டையில் இருந்த துங்ரியர் (இன்றைய பெல்ஜியம் பகுதி இனத்தார்) படைப்பிரிவின் ஆள் கணக்கு, மே 18ஆம் தேதியிட்டது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையிலேயே இல்லை, வேறு வேலையாகப் போயிருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்களில் 31 பேர் படுத்திருக்கிறார்கள். அந்த 31இல் 10 பேருக்குக் கண்நோய்! எல்லைக் கோட்டை என்றால் நம் மனதில் வாளும் கேடயமுமாக நிற்கும் வரிசைதான் வரும். அந்தப் படத்தை ஒரு தினசரிக் கணக்கு கலைத்துவிடுகிறது. இதற்கு மேல் எந்தக் கற்பனையும் தேவையில்லை.

சரி, உங்கள் குடியானவப் பெண்? அவளைப் பற்றி இந்த ஏடுகளில் ஒன்றுமே இல்லை. அடிமைகள்கூட ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சாட்டர்னாலியா பண்டிகைக்கு முள்ளங்கி வாங்குவது பற்றிய கடிதம் அப்படிப்பட்டது. கோட்டைக்கு வெளியே வட்டக் குடிசைகளில் இருந்த பிரிட்டன் மக்கள் அப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் போரிடும் விதத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு இருக்கிறது, அதிலும் இளக்காரம்தான் தெரிகிறது. பெரும்பான்மை மக்கள் அவர்கள்தான். என் மனத்தாங்கலும் இங்கேதான்: பல நூல்கள் கோட்டையில் கிடைத்த சான்றின் பலத்தைக் கிராமத்துக்கும் கடன் கொடுத்துவிடுகின்றன. கடிதத்தை மேற்கோள் காட்டிய அதே உறுதியான குரலில் அந்தப் பெண்ணின் கவலையையும் சொல்லிவிடுகிறார்கள். வாசகருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அது அந்தப் பெண்ணுக்கும் செய்கிற அநியாயம், அவள் இடத்தில் நம் காலத்து ஒருத்தியை உட்காரவைத்துவிடுகிறோம்.

அதனால் அடுத்த நூலை எடுத்ததும் முதலில் கிராமத்து அத்தியாயத்தைப் படியுங்கள். கம்பம் நட்ட குழி, ஆட்டு எலும்பு, திரிகைக்கல் இவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு எப்படி வந்தார் என்று ஆசிரியர் காட்டியிருந்தால் மிச்சத்தையும் தைரியமாகப் படிக்கலாம். நேராக அவள் மனதுக்குள் புகுந்துவிட்டால், நூலை வைத்துவிட்டு விண்டோலாண்டா ஏடுகளின் மொழிபெயர்ப்பையே படியுங்கள். ஆங்கிலத்தில், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.