காரணம் இருந்தால் சுதந்திரம் இல்லையா?

கேள்வி: பங்குனியில் நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் காப்பி பூத்துவிடுகிறது. மூளையும் அப்படித்தான் இயங்குகிறது என்றால், ‘நான் முடிவெடுத்தேன்’ என்பதற்கு என்ன பொருள்? நாம் நினைக்கும் முன்பே மூளை முடிவெடுப்பது சோதனையில் நிரூபணமாகிவிட்டதாமே?
– ஏற்காடு வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் குழு வெளியிட்ட சோதனை. சோதனையில் பங்கேற்பவர்கள் தங்களுக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். எதிரே 2.56 விநாடிக்கு ஒரு சுற்றாக ஓடும் ஒளிப்புள்ளி. அசைக்கத் தோன்றிய கணத்தில் அது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்புதான் தோன்றியது என்றார்கள். அசைவுக்கான மூளையின் மின் அலையோ சுமார் 550 மில்லிவிநாடி முன்பே எழத் தொடங்கியிருந்தது.

அந்த அலை ஒரே ஒரு அசைவில் தெளிவாகத் தெரியாது. நாற்பது அசைவுகளை, அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கி அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் தெரியும். அலை எழுந்தும் கை அசையாத தருணங்கள் கணக்கிலேயே வராது. மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் ஒரு வரம்பைத் தாண்டும்போது அசைவு வருகிறது என்று வைத்துக்கொண்டாலே இதே வடிவம் கிடைக்கும் என்று 2012இல் மூளை ஆய்வாளர் ஆரன் ஷூர்கர் குழு காட்டியது. ‘முடிவு முன்பே எடுக்கப்பட்டது’ என்ற வாதம் அங்கே ஆட்டம் காண்கிறது. தவிர, காரணமே இல்லாமல் கையை அசைப்பதும், நிலத்தை விற்கலாமா என்று ஒரு மாதம் யோசிப்பதும் ஒன்றல்ல.

இனி உங்கள் காப்பிச் செடி. மழை மட்டுமே காரணமல்ல. அதற்கு முன் சில வாரம் செடி காய்ந்திருக்க வேண்டும். மொட்டு பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். பிறகு 25 முதல் 40 மி.மீ. மழை வேண்டும். தூறலோடு நின்றால் மொட்டு சரியாக விரியாது. இதெல்லாம் தெரிந்ததால்தான் மழை பொய்த்த ஆண்டில் ஸ்பிரிங்க்ளர் போடுகிறோம். காரணம் நம்பகமாக வேலை செய்யாவிட்டால் தண்ணீர் பாய்ச்சி என்ன பயன்? காரணம் இருப்பது வேறு, கட்டாயம் வேறு. உங்கள் யோசனையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதை எடுத்துவிட்டால் விளைவு மாறும். சுதந்திரம் என்று நான் சொல்வது அதைத்தான்.

கேள்வி: ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற வள்ளுவரே ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்பது முரண் இல்லையா?
– அம்மாபேட்டை வாசகர், சேலம்

பதில்: முதலாவது 380ஆம் குறள்: விதியைவிட வலியது எது என்கிறது. இரண்டாவது 620: சோராமல் முயல்பவர் விதியையும் புறமுதுகிட வைப்பர் என்கிறது. விதியை ‘நீ என்ன செய்தாலும் நடக்கும்’ என்று படித்தால் முரண்தான். ‘குணமாகும் என்று விதி இருந்தால் மருந்து எதற்கு?’ என்ற வாதத்துக்குக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் கிறிசிப்பஸ் என்ற தத்துவவாதி விடை சொன்னார்: குணமாவது விதி என்றால், மருத்துவரை அழைப்பதும் அதே விதியில் அடங்கும். நீ செய்வதால்தான் நடக்கிறது. 620ஐ 619ஓடு சேர்த்துப் படியுங்கள். முயற்சி தருவது ‘மெய்வருத்தக் கூலி’, அதாவது உடல் வருந்திய அளவுக்கான கூலி என்கிறார் வள்ளுவர். முழு வெற்றி என்று அங்கே அவர் வாக்குக் கொடுக்கவில்லை.