எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் மூளைக்கு ஸ்பெக்ட் ஸ்கேன் தேவையா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாயின. கழுத்தின் இடப்பக்கம் உள்ள கரோட்டிட் தமனி முழுவதுமாக அடைத்துவிட்டது என்றார்கள். இப்போது தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் சில மாதங்களாக மறதி அதிகமாகிவிட்டது. வலது கை லேசாக நடுங்குகிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தபோது இருமுறை பேச்சு குழறி, சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிட்டது. அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பழைய தழும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நரம்பியல் மருத்துவர் மூளைக்கு ஸ்பெக்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். பிறகு பெட் ஸ்கேனும் தேவைப்படலாம் என்கிறார். பெட் ஸ்கேன் புற்றுநோய்க்குத்தானே? எங்களிடம் எதையாவது மறைக்கிறார்களா? இவ்வளவு முக்கியமான ஸ்கேன் என்றால் பக்கவாதம் வந்த அன்றே ஏன் எடுக்கவில்லை? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் கதிரியக்கத்தை நினைத்தும் பயமாக இருக்கிறது. தந்தைக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: ஸ்கேனைப் பற்றிப் பேசும் முன், நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு குழறிச் சில நிமிடங்களில் சரியானதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தற்காலிகப் பக்கவாதமாக இருக்கலாம். பெரிய தாக்குதலுக்கு முன் வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அந்த இரண்டு நிகழ்வுகளும் உங்கள் மருத்துவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இன்றே சொல்லுங்கள். மறுபடியும் அப்படி நேர்ந்தால், பேச்சு தெளிந்துவிட்டாலும்கூட, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

எழுந்தபோதுதான் பேச்சு குழறியது என்பது முக்கியமான தடயம். நாம் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்கி ஏறுவது இயல்பு. கழுத்துத் தமனிகள் திறந்திருந்தால் மூளைக்கு அது தெரிவதே இல்லை. உங்கள் தந்தைக்கு இடப்பக்கத் தமனி அடைத்திருப்பதால், மூளையின் இடப் பாதி வலப்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் சுற்றி வரும் இரத்தத்தை நம்பித்தான் பிழைக்கிறது. அந்தச் சுற்றுவழி போதுமானதா, அல்லது பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருக்கிறதா? எம்.ஆர்.ஐ. காட்டிய தழும்பு ஏற்கெனவே இறந்த பகுதி. இறக்காமல் திணறிக்கொண்டிருக்கும் பகுதி வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் முற்றிலும் இயல்பாகவே தெரியக்கூடும். உங்கள் மருத்துவர் தேடுவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்பெக்ட் ஸ்கேனில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மருந்தை மிகச் சிறிய அளவில் நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். அந்த மருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் மூளைக்குள் நுழைந்து, எந்த இடத்தில் இரத்தம் அதிகம் பாய்கிறதோ அங்கே அதிகமாகவும், குறைவாகப் பாயும் இடத்தில் குறைவாகவும் தங்கிவிடும். தங்கியது மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு தலையைச் சுற்றி வரும் காமரா அதைப் படமெடுக்கிறது. ஆகவே கிடைக்கும் படம் மருந்து செலுத்திய அந்த நிமிடத்து இரத்த ஓட்டத்தின் படமே தவிர, காமராவுக்குக் கீழே படுத்திருந்த நேரத்தின் படம் அல்ல. வலிப்பு நோய் மருத்துவர்கள் இந்தக் குணத்தை அழகாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வலிப்பு தொடங்கிய நொடிகளில் மருந்தைச் செலுத்திவிட்டு, நோயாளி அமைதியடைந்த பிறகு நிதானமாகப் படமெடுப்பார்கள். வலிப்பு எங்கிருந்து கிளம்பியது என்பதை அந்தப் படம் காட்டிக்கொடுக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் அது பெரிய உதவி.

உங்கள் தந்தைக்கு இந்த ஸ்கேனை இருமுறை எடுக்கச் சொல்லியிருக்கக்கூடும்: ஒன்று சாதாரண நிலையில், மற்றொன்று அசிட்டசோலமைடு என்ற மருந்தைச் செலுத்திய பின். தமனி அடைத்து அழுத்தம் குறைந்தால், அதற்கு அப்பால் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுத்து ஓட்டத்தைச் சமாளிக்கும். அதனால் சாதாரண நிலையில் எடுத்த படம் ஏறத்தாழ இயல்பாகவே இருந்துவிடலாம். அசிட்டசோலமைடு இந்தக் குழாய்களை மேலும் விரியச் செய்யும் மருந்து. விரிவதற்கு இடமிருந்தால் அந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் கூடும். ஏற்கெனவே முழுவதும் விரிந்துவிட்ட குழாய் இதற்குமேல் என்ன செய்யும்? மற்ற பகுதிகளில் ஓட்டம் கூடும்போது அங்கே மட்டும் கூடாமல் நிற்கும். சில சமயம் இருந்ததும் குறையும். கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு மீண்டும் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம்.

கையிருப்பு தீர்ந்தால் அறுவை சிகிச்சைதானே என்று உறவினர்கள் யாராவது சொல்வார்கள். அவ்வளவு எளிதல்ல. தலையின் வெளிப்புறத் தமனி ஒன்றை மூளைத் தமனியோடு இணைக்கும் மாற்றுவழி அறுவை சிகிச்சை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. 1985-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு, அதனால் பக்கவாதம் குறையவில்லை என்றது. உண்மையாகவே இரத்தப் பற்றாக்குறை உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்காமல் எல்லோரையும் சேர்த்ததுதான் தோல்விக்குக் காரணம் என்று பலர் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். எனவே அடுத்த ஆய்வில் பெட் ஸ்கேன் மூலம் பற்றாக்குறை உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் வெளியான அதன் முடிவு: இரண்டு ஆண்டுகளில் அடைப்புள்ள பக்கம் பக்கவாதம் வந்தவர்கள் அறுவை செய்துகொண்டோரில் 21 சதவீதம், செய்துகொள்ளாதோரில் 22.7 சதவீதம். முதல் முப்பது நாள்களில் அறுவை செய்துகொண்டவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. மூளைக்குச் செல்லும் தமனிகள் படிப்படியாகச் சுருங்கி அடைத்துக்கொள்ளும் மோயமோயா போன்ற நோய்களில் நிலைமை வேறு; அங்கே இந்த அறுவை சிகிச்சைக்கு உறுதியான இடம் உண்டு. உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்கு ஸ்கேனால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் வேறு வகையானது. இரத்த அழுத்த மாத்திரையை எவ்வளவு தீவிரமாகக் கொடுப்பது, எழும்போது அழுத்தம் இறங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எவ்வளவு அடிக்கடி பரிசோதிப்பது என்பவற்றை அது தீர்மானிக்க உதவும்.

அறிக்கை கைக்கு வரும்போது, வலப்பக்கச் சிறுமூளையில் இரத்த ஓட்டம் குறைவு என்று எழுதியிருந்தால் திடுக்கிட வேண்டாம். மூளையின் இடப் பாதியும் சிறுமூளையின் வலப் பாதியும் நரம்பு வழியாக இணைந்தவை. ஒன்று பழுதானால், தொலைவில் இருக்கும் மற்றொன்றும் செயல் குறைந்து மந்தமாகும். அங்கே புதிதாக எதுவும் அடைத்துவிடவில்லை.

முதல் நாளே ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று மருத்துவர்கள் கடிகாரத்தோடு போட்டியிடுகிறார்கள். இரத்தக் கசிவா, அடைப்பா என்பதை சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையைத் தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம். அந்த அவசரத்தில் கதிரியக்க மருந்தைத் தயாரித்துக்கொண்டிருக்க முடியாது. இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் அதே சி.டி. கருவியிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் இந்த அவசர சிகிச்சைகளுக்குப் பின்னால் உள்ள அறிவை வளர்த்ததில் பெட் ஸ்கேனுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் இரத்தம் தேவை. 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. ஆனால் உடனே இறப்பதில்லை. 10-ஐ நெருங்கினால் விரைவில் இறக்கின்றன. இடைப்பட்ட நிலையில், வேலை செய்யாமல் உயிரோடு மட்டும் இருக்கும் பகுதியைத்தான் இன்றைய அவசர சிகிச்சை காப்பாற்றுகிறது. மனித மூளையில் அந்தப் பகுதியைக் கண்ணால் காட்டியது ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்க ஆக்சிஜனைக் கொண்டு எடுத்த பெட் படங்கள். அந்த ஆக்சிஜனின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், இரண்டே நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற பெரிய கருவி பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களைத் தாண்டவில்லை.

இனி மறதி. பெட் ஸ்கேன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் பரவலாக இருக்கிறது. உங்களிடம் யாரும் எதையும் மறைப்பதாக நான் நினைக்கவில்லை. ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கத் தனிமம் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி, அதை உடலின் எந்தப் பகுதி அதிகம் எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதே பரவலாக எடுக்கப்படும் பெட் ஸ்கேன். புற்றுநோய்க் கட்டிகள் சர்க்கரையை அதிகம் விழுங்குவதால் அங்கே பயன்படுகிறது. மூளையும் சளைத்ததல்ல. உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மூளையின் ஒரு பகுதி நோயால் மங்கும்போது அங்கே சர்க்கரைச் செலவு குறைகிறது. அல்சைமர் நோயில் பக்கவாட்டு, மேற்புறப் பகுதிகளும், முன்மூளை மறதிநோயில் நெற்றிப் பகுதியும், மூளைச் செல்களில் லூயி உடல்கள் என்ற புரதத் திரள்கள் சேரும் லூயி உடல் மறதிநோயில் பார்வைக்குரிய பின்பகுதியும் மங்கும். பக்கவாதத்தால் வந்த மறதியில் இப்படிப்பட்ட ஒழுங்கு இல்லாமல் அங்கங்கே திட்டுத் திட்டாக மங்கியிருக்கும். ஒருவருக்கே இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அப்போது படத்தைப் படிப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம்.

அமிலாய்டு பெட் என்று இன்னொன்று இருக்கிறது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்தை உயிரோடிருக்கும் மனிதரிடமே காட்டும் ஸ்கேன் இது. முதல் மனித ஆய்வு முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. வயதான, நல்ல நினைவாற்றல் உள்ள பலருடைய மூளையிலும் இந்தப் படிவு இருக்கும். ஆகவே படிவு இல்லை என்ற முடிவு, இருக்கிறது என்ற முடிவைவிட அதிகம் உதவும். படிவை அகற்றும் புதிய மருந்துகளைத் தொடங்கும் முன் படிவு இருப்பதை உறுதி செய்ய வேண்டும். ஆனால் அந்த மருந்துகள் மூளையில் வீக்கத்தையும் கசிவையும் ஏற்படுத்தக்கூடியவை என்பதால், அண்மையில் பக்கவாதம் கண்டவர்களுக்கு மருத்துவர்கள் தயங்குவார்கள்.

என் கருத்து இது: மறதிக்காக இப்போதே பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். பி12 அளவு, தைராய்டு, தூக்கம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மறதி வேடம் போடும். சிகிச்சை கொடுத்தால் விலகும். ஸ்பெக்ட் ஸ்கேனைப் பொறுத்தவரை, எழும்போது பேச்சு குழறியதால் உங்கள் தந்தைக்கு அது தேவை என்றே கருதுகிறேன். எந்த ஸ்கேன் சொன்னாலும் மருத்துவரிடம் கேளுங்கள்: முடிவு இப்படி வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள், அப்படி வந்தால் எதை மாற்றுவீர்கள்? இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால் தள்ளிப்போடலாம்.

கை நடுக்கம் எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். எழுந்து நிற்கும்போது மட்டும் கை குலுங்குகிறது என்றால் அதுவும் இரத்தப் பற்றாக்குறையின் அடையாளமாக இருக்கலாம். ஓய்விலேயே நடுங்குகிறது என்றால் பார்க்கின்சன் நோயை யோசிக்க வேண்டும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனைகளைக் காட்டும் ஸ்கேன் ஒன்று அதற்கு உண்டு; அது ஐயம் தீராதபோது மட்டுமே தேவை. கைதேர்ந்த நரம்பியல் மருத்துவர் நோயாளியை நடக்கவிட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

கதிரியக்கம்: மூளை ஸ்பெக்ட் ஒருமுறை எடுத்தால் உடல் பெறும் அளவு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). இருமுறை எடுத்தால் அதற்கேற்பக் கூடும். இயற்கையிலிருந்து மனிதர்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். 68 வயதில், மறுபடியும் பக்கவாதம் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சும். ஃப்ளூரின்-18 அதைவிட வேகம், 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அன்று மட்டும் குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம், கூடவே படுக்க வைக்க வேண்டாம். தண்ணீர் அதிகம் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் போதும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் ஸ்கேனுக்குத் துணையாக வேறொருவர் செல்லட்டும்.

சர்க்கரை நோய் ஸ்பெக்ட் ஸ்கேனுக்குத் தடையல்ல. பொதுவாகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பெட் ஸ்கேனுக்கு நான்கு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் படம் மங்கலாக வரும்; ஆகவே இன்சுலின் எப்போது போடுவது என்பதை முன்கூட்டியே ஸ்கேன் மையத்தில் கேட்டுவிடுங்கள். காபி, தேநீர், புகை ஆகியவை அன்று வேண்டாம். மருந்து செலுத்தும் முன்னும் பின்னும் மங்கிய வெளிச்சத்தில் பேசாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். பேசினால் பேச்சுக்குரிய மூளைப் பகுதியும் படத்தில் எழுந்து நிற்கும். அசிட்டசோலமைடு கொடுத்த பின் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு வரும், சிறுநீர் அதிகம் போகும். இரண்டும் தானே அடங்கும். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமையோ, கடுமையான சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவற்றை அருகில் வைத்துப் பார்க்காமல் ஸ்பெக்ட் படத்தைச் சரியாகப் படிக்க முடியாது.