பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன சாகசக் கதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1917 உம்கேனி ஆற்று வெள்ளத்தில் நம் மீனவர்கள் படகு விட்டு ஜனங்களைக் காப்பாற்றினார்கள் அல்லவா, அதை வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கதை கட்டினேன். இரண்டு சிறுவர்கள் அந்தப் படகில் ஒளிந்துகொண்டு போகிறார்கள். எழுதியும் வைத்துவிட்டேன். தெரிந்த பையன் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு படம் வரைந்து கொடுத்தான். இப்போது ஒருவர் புத்தகம், பத்து நிமிடக் கார்ட்டூன் படம், காப்புரிமைப் பதிவு, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் எல்லாம் சேர்த்து 38,000 ராண்ட் கேட்கிறார். ஒப்பந்தமும் நீட்டிவிட்டார். கையெழுத்துப் போடலாமா? கதையை யாரும் திருடிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: போடாதீர்கள் அம்மா. பணமும் கொடுக்காதீர்கள்.

கதை ஏற்கெனவே உங்களுடையது. எழுதி முடித்த அன்றே, 1978ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் இருக்கும். புத்தகத்துக்குக் காப்புரிமைப் பதிவு என்ற ஒன்றே தென்னாப்பிரிக்காவில் கிடையாது. திரைப்படத்துக்கு மட்டும் 1977இல் போட்ட தனிச் சட்டத்தின்கீழ் பதிவு உண்டு, அதுவும் கட்டாயமில்லை. ஆக, அந்த மனிதர் இல்லாத ஒன்றுக்கு உங்களிடம் விலை சொல்லியிருக்கிறார். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. விண்ணப்பம் அனுப்பினால் போதும். இதையே காசாக்கிப் பிழைக்கும் தரகர்கள் டர்பன் முழுக்க இருக்கிறார்கள். ஓய்வூதியக்காரர்களாகப் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள்.

திருட்டுப் பயத்துக்கு வருகிறேன். வெள்ளம் யாருக்கும் சொந்தமில்லை. மீனவர் படவட்டனும் மற்ற ஐந்து பேரும் டின் டவுன் குடியிருப்பு மக்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்ததை நாளை இன்னொருவரும் கதையாக எழுதலாம். எழுதட்டும், இன்னும் பத்துப் பேர் எழுத வேண்டிய சரித்திரம் அது. உங்களுடையது அந்த இரண்டு சிறுவர்கள், அவர்கள் பேசும் பேச்சு, நீங்கள் கோத்த சம்பவ வரிசை. அதை எடுத்தால்தான் திருட்டு. கையெழுத்துப் பிரதியைத் தேதி தெரியும்படி உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சச்சரவு வந்தால் உதவும்.

என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் கேட்காத விஷயம்: அந்தப் பையன் வரைந்த படங்கள். காசு கொடுத்தோம், படம் நம்முடையது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை போகும் விதிவிலக்கு ஒன்று உண்டு, ஆனால் அது சில வகைகளுக்கு மட்டும்தான்: புகைப்படம், ஒருவரின் உருவப்படம், செதுக்கு அச்சு, ஒலிப்பதிவு, திரைப்படம். உங்கள் பேத்தியை நேரில் உட்காரவைத்து வரையச் சொல்லியிருந்தால் அது உருவப்படம், உரிமை உங்களுக்கு. கதையில் வரும் கற்பனைச் சிறுவர்களை வரையச் சொன்னீர்கள், அது உருவப்படம் ஆகாது, உரிமை வரைந்தவனுக்கே. நாளை புத்தகம் நன்றாகப் போய், அந்தச் சிறுவர்களை வைத்துக் கார்ட்டூன் எடுக்க ஒரு நல்ல நிறுவனம் வந்தால், முதலில் அவர்கள் கேட்கப்போவது இந்தப் படங்களின் உரிமை உங்களுடையது என்று காட்டும் தாளைத்தான். பையன் நல்லவனாக இருக்கும்போதே, பட உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு பக்கம் எழுதி, அவன் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் “சரி ஆன்ட்டி” என்று அவன் அனுப்பியது போதாது. எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையைக் கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

இப்போது அதே விதியைக் கார்ட்டூனுக்கு வைத்துப் பாருங்கள். அதுவும் திரைப்படம்தான். பணம் கொடுக்கும் உங்களுக்கே உரிமை வந்திருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் எழுதியதுதான் செல்லும். அவர் தாளில் “எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்” என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால், செலவு உங்களுடையது, படமும் கதையும் அவருடையவை.

இந்த மண்ணிலேயே நடந்ததுதான். நேட்டாலில் பிறந்த சாலமன் லிண்டா 1939இல் பதிவுசெய்த பாட்டின் உரிமை பத்து ஷில்லிங்குக்குப் போனது என்பார்கள். அந்த மெட்டு அமெரிக்காவில் “தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்” என்ற சிங்கப் பாட்டாகி, டிஸ்னியின் “லயன் கிங்” கார்ட்டூன் படம் வரை போனது. அவர் 1962இல் ஏழையாகவே இறந்தார். பிள்ளைகள் 2004இல் வழக்குப் போட்டு, 2006இல்தான் சமரசம் ஆனது. அதற்கும் கைகொடுத்தது 1911ஆம் ஆண்டின் பழைய பிரிட்டிஷ் சட்டம். எழுதியவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று அதில் இருந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வழி இல்லை. அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2017இல் வந்தது, 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2020இல் ஜனாதிபதி திருப்பி அனுப்பினார், 2024இல் மறுபடி நிறைவேறியது, அதே ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. எழுதுகிறவர்களின் ஆயுளைப் பற்றி இவர்கள் யாருக்கும் அக்கறை இல்லை. அதை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட முடியாது.

பத்து நிமிடப் படத்துக்குக் கணக்குப் போடுங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், நிமிடத்துக்கு 1,440. ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். குரல், இசை வேறு. இவர் சொல்லும் தொகைக்கு உங்கள் படங்களைத் திரையில் இடமும் வலமும் நகர்த்தி, பின்னால் ஒரு பாட்டைப் போட்டுக் கொடுப்பார். படகு கவிழப்போகிற நேரத்தில் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க அது போதாது.

உண்மையான பதிப்பாளர் எழுதியவரிடம் பணம் கேட்க மாட்டார். உண்மையான படத் தயாரிப்பாளர் பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதத்துக்கு மட்டும் படமாக்கும் ரைட்ஸ் கேட்டு, அதற்கு உங்களுக்குப் பணம் தருவார், எடுக்காவிட்டால் ரைட்ஸ் உங்களிடமே திரும்பிவிடும். யார் வந்தாலும் புத்தக உரிமையையும் திரைப்பட உரிமையையும் ஒரே தாளில் கொடுக்காதீர்கள். இந்த வாரம் பையனைக் கூப்பிட்டு அந்த ஒரு பக்கத்தை முடியுங்கள். அந்த மனிதரின் ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுங்கள், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு.