குற்றவாளி சுவர்தான்

அசலில் 144-இல் ஒரு பங்கு (1/144) அளவுள்ள ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை நெடுக வெட்டி உள்ளறை அமைத்தால் வரிசைக்கு ஆறு இருக்கை அடங்கவில்லை என்கிறீர்கள். இருக்கையைத் திட்டாதீர்கள். அசல் விமானத்தின் வெளி அகலம் 3.95 மீட்டர், உள் அகலம் 3.70. வித்தியாசத்தில் பாதியை 144-ஆல் வகுத்தால், உங்கள் சுவர் 0.9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பிளாஸ்டிக் அதைவிடத் தடிமனாகத்தான் இருக்கும்; உட்புறத்தை உப்புத்தாளால் தேயுங்கள். ஜன்னல் வரிசையில் மட்டும் நிதானம், என்னுடையது அங்கேதான் விரிசல் விட்டது.

இருக்கைக்கு நெட்டி எடுங்கள், நீர்ச்செடித் தண்டின் அந்த வெள்ளை மென்சோற்றைத்தான் சொல்கிறேன். நெட்டி வேலைக்குப் பேர்போன தஞ்சாவூரில் இருந்துகொண்டு வேறெதையோ தேடுவானேன்? புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் நொறுங்காது. சூப்பர் குளூ வேண்டாம். இந்த ஐப்பசி ஈரத்தில் அதன் ஆவி ஜன்னலில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஃபெவிகால் போதும், ஊசிமுனையால் தொட்டு வையுங்கள்.